பொதுக் கணினியில் புதிய கணக்கு எப்படிப் பிறக்கிறது?

தை பிறந்தால் எங்கள் அலுவலகத்தில் முகங்கள் மாறும். வருடாந்த இடமாற்றத்தில் இங்கிருந்து ஒருவர் மூதூருக்குப் போவார். மட்டக்களப்பிலிருந்து இன்னொருவர் திருகோணமலைக்கு வருவார். கதிரை அப்படியே இருக்கும், மேசை அப்படியே இருக்கும், மேசைமேல் உள்ள கணினியும் அப்படியே இருக்கும். அந்தக் கணினிக்குள் புதிதாக ஒரு பயனர் கணக்கு மட்டும் திறக்கப்படும். "எனக்குக் கணினி கொஞ்சம் தெரியும்" என்று ஒருமுறை வாய் தவறிச் சொன்ன குற்றத்துக்காக, அந்த வேலை என் தலையில் விழுந்து பல ஆண்டுகளாகின்றன.

அப்படி வந்த ஒருவர் முதல் நாள் காலையிலேயே கடிதம் அடிக்க உட்கார்ந்தார். தமிழ் விசைப்பலகை இல்லை. திகதி அமெரிக்க முறையில் மாதத்தை முன்னால் வைத்துக்கொண்டு நின்றது. ஒருவாறு அடித்து முடித்து அச்சுக்குக் கொடுத்தால், பிரிண்டர் வேறு அளவுத் தாள் கேட்டு விளக்கை மினுக்கியது. பிரதம இலிகிதர் அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இதையெல்லாம் போன கிழமையே சரிசெய்துவிட்டேன் என்றீர்களே?" என்றார்.

சொன்னது உண்மை. சரிசெய்ததும் உண்மை. ஆனால் நான் சரிசெய்தது என் கணக்குக்குள் இருந்துகொண்டு. என்னுடையது கணினி முழுவதையும் மாற்ற உரிமையுள்ள நிர்வாகி கணக்கு. அதில் மாற்றினால் இனி வரும் எல்லோருக்கும் அது மாறிவிடும் என்று அப்போது நானும் நம்பியிருந்தேன். கணினியோடு பழகிய பலர் இன்றும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

குழப்பத்துக்குக் காரணம் ‘டிஃபால்ட்’, அதாவது முன்கூட்டியே வைத்திருக்கும் அமைப்பு, என்ற ஒரு சொல். "டிஃபால்ட்டாக வைத்துவிடு" என்று சொல்லும்போது, தமக்குள் ஒட்டுறவில்லாத நான்கு காரியங்களை அந்த ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். அந்த நான்கையும் பிரித்துப் பார்த்துவிட்டால் மற்றவை தாமாக விளங்கிவிடும்.

## விடுதியில் நான்கு ஏற்பாடுகள்

கணினியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு உப்புவெளிப் பக்கம் போவோம். சித்திரை கழிந்து கடல் அமைதியாகும் காலத்தில் அங்குள்ள விருந்தினர் விடுதிகளில் அறை கிடைப்பது கடினம். அப்படியொரு சிறிய விடுதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் வருவதற்கு முன்பே அறையைத் தயார்செய்து வைப்பார்கள். விரிப்பு, நுளம்பு வலை, ஒரு சவர்க்காரம், யன்னலோரம் கதிரை. வந்தவர் கதிரையைத் தூக்கி வெளி விறாந்தையில் போட்டுக்கொள்கிறார். வலையைக் கழற்றி மடித்து வைக்கிறார். அவர் அறை, அவர் விருப்பம். மறுநாள் முதலாளி, "இனி அறைக்கு இரண்டு சவர்க்காரம்" என்கிறார். யாருக்குக் கிடைக்கும்? இனித் தயாராகும் அறைகளுக்கு. ஏற்கனவே குடிவந்தவரின் கதவைத் தட்டி எவரும் இரண்டாவது சவர்க்காரம் கொடுக்கப்போவதில்லை.

அடுத்து, சாப்பாட்டு மண்டபம். அங்கே ஒரு மின்விசிறியை மாட்டினால் நேற்று வந்தவருக்கும் நாளை வரப்போகிறவருக்கும் அதே காற்றுத்தான். அது எவருடைய அறையிலும் இல்லை, எல்லோருக்கும் பொது.

மூன்றாவது, சுவரில் எழுதிய "புகைத்தல் தடை". பழையவர், புதியவர் என்ற பேதம் அதற்குக் கிடையாது. பிடிக்கவில்லை என்று விருந்தினர் அதை அழிக்கவும் முடியாது.

நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை. காலையில் எதுவும் சொல்லாதவருக்குச் சீனி போட்ட தேநீர் வரும். "எனக்குச் சீனி வேண்டாம்" என்று முன்பே சொன்னவருக்கு அப்படியே வரும். ஒருநாள் முதலாளி, "கேட்காதவர்களுக்கு இனிச் சீனி இல்லாமல்" என்று சமையலறைக்குச் சொல்கிறார். அன்று காலையிலிருந்தே, எத்தனை நாளாகத் தங்கியிருந்தாலும், வாய் திறக்காதவர் எல்லோருக்கும் வெறுந்தேநீர். வாய் திறந்து சொன்னவருடைய கோப்பையில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

அறைத் தயாரிப்பு, பொது மண்டபம், சுவர் விதி, கேளாதவர் தேநீர். கணினிக்குள் இந்த நான்கும் இருக்கின்றன. நான் செய்த பிழை, என் அறைக் கதிரையை நகர்த்திவிட்டு விடுதி முழுவதும் கதிரைகள் நகர்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தது.

## கணக்கு வேறு, சுயவிவரம் வேறு

பயனர் கணக்கு என்பது விடுதிப் பதிவேட்டில் உள்ள ஒரு வரி போன்றது. பெயர், கடவுச்சொல், அவருக்கு எதையெல்லாம் தொட அனுமதி என்ற குறிப்பு. அவ்வளவுதான் அதில் இருக்கும்.

அந்த ஆளின் அறைக்குப் பயனர் சுயவிவரம் என்று பெயர். அவருடைய டெஸ்க்டாப், ஆவணங்கள், தரவிறக்கியவை, அவர் செய்துவைத்த விருப்ப அமைப்புகள் ஆகிய அனைத்தும் அடங்கிய கோப்புறை அது. விண்டோஸ் கணினியில் சி டிரைவைத் திறந்தால் ‘யூசர்ஸ்’ என்று ஒரு கோப்புறை தெரியும். அதற்குள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கோப்புறை. எங்கள் அலுவலகக் கணினி ஒன்றில், ஓய்வுபெற்றுப் போனவர்களின் அறைகள்கூட அங்கே இன்னும் பூட்டியபடி கிடக்கின்றன.

பின்புலப் படம், விசைப்பலகை, திகதி முறை, சுட்டியின் வேகம் போன்ற தெரிவுகளை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி என்னும் பெரிய பதிவேட்டில் எழுதிவைக்கிறது. அந்தப் பதிவேட்டில் கணினிக்குப் பொதுவான பகுதியும் உண்டு, ஆளுக்கு ஆள் தனியான பகுதியும் உண்டு. தனிப் பகுதி அவரவர் சுயவிவரக் கோப்புறைக்குள் ஒரு கோப்பாக உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் உள்நுழையும்போது உங்கள் கோப்பு திறக்கப்படும், வெளியேறும்போது மூடப்படும். என் கோப்பில் நான் எழுதியது உங்கள் கோப்பில் எப்படி வரும்? வராது. அக்காவுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

## முதல் உள்நுழைவில் நடப்பது

‘யூசர்ஸ்’ கோப்புறைக்குள் வழக்கமாகக் கண்ணில் படாத ஒன்று மறைந்திருக்கிறது. அதன் பெயர் ‘டிஃபால்ட்’. மறைந்துள்ள கோப்புகளையும் காட்டும்படி சொன்னால்தான் தெரியும். அது எந்த மனிதருக்கும் சொந்தமானதன்று. இனிமேல் வரப்போகும் எல்லோருக்கும் மாதிரி அறை அது. இதை வார்ப்புருச் சுயவிவரம் என்று அழைப்போம்.

நிர்வாகி புதிய கணக்கைத் திறக்கும்போது பதிவேட்டில் வரி மட்டும் எழுதப்படுகிறது. அறை இன்னும் இல்லை. அந்தப் புதியவர் முதல்முறை கடவுச்சொல் கொடுத்து உள்ளே வரும் நேரத்தில்தான், விண்டோஸ் வார்ப்புருச் சுயவிவரத்தைப் பிரதியெடுத்து, அவர் பெயரில் அறையொன்றை உண்டாக்குகிறது. "கொஞ்சம் பொறுங்கள், ஆயத்தம் செய்கிறோம்" என்ற கருத்தில் திரை நம்மைக் காக்கவைக்கும் அந்தச் சில நிமிடங்கள் இதற்குத்தான். ஆகவே திங்கட்கிழமை கணக்கைத் திறந்துவிட்டீர்கள், செவ்வாய் வார்ப்புருவைத் திருத்துகிறீர்கள், ஆள் புதன்கிழமைதான் முதலில் உள்நுழைகிறார் என்றால், திருத்தம் அவருக்குக் கிடைக்கும். அவர் திங்கள் பின்னேரமே ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் கிடைக்காது.

இதைச் சோதிப்பது எளிது. டிஃபால்ட் கோப்புறைக்குள் உள்ள டெஸ்க்டாப் கோப்புறையில் ஒரு சிறிய குறிப்புக் கோப்பை வையுங்கள். இருக்கிற எவருடைய திரையிலும் அது தோன்றாது. புதிய கணக்கில் முதல் தடவை நுழைந்தால் அங்கே அது காத்திருக்கும்.

வார்ப்புருவில் கைவைப்பது கொஞ்சம் கவனம் வேண்டிய வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோப்புறை பழுதானால், பழைய கணக்குகள் எப்போதும்போல வேலைசெய்யும். புதியவர் எவரும் உள்ளே வர முடியாமல், சுயவிவரத்தை ஏற்ற முடியவில்லை என்ற செய்தியோடு நின்றுவிடுவார். பழையவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாததால் பழுது மாதக்கணக்கில் வெளிப்படாமல் கிடக்கும். சரியாக அடுத்த இடமாற்றக் காலத்தில் வெளியே வரும்.

## நிழற்பிரதியின் குணம்

கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, பக்கத்துக் கடைகளில் விண்ணப்பப் படிவங்களை நிழற்பிரதி எடுத்து அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூலப்படிவத்தில் ஓர் எழுத்துப் பிழை. கடைக்காரர் அதைக் கண்டு மூலத்தைத் திருத்துகிறார். ஏற்கனவே எடுத்து விற்ற பிரதிகளில் பிழை அப்படியே இருக்கும். பிரதியெடுத்த கணத்தோடு மூலத்துக்கும் பிரதிக்கும் உள்ள உறவு அறுந்துபோகிறது.

வார்ப்புருச் சுயவிவரமும் அப்படித்தான். பிரதி ஒரேயொரு முறை எடுக்கப்படும். அதன்பின் மூலத்தை எத்தனை தடவை மாற்றினாலும் பழையவர்களை அது எட்டாது. எதிர்ப்பக்கமும் உண்டு: பிரதியைப் பெற்றவர் அதில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். அவருக்கு அது தொடக்கப்புள்ளி மட்டுமே.

"அப்படியானால் பழையவர்களுக்குப் புதிய அமைப்பைக் கொடுக்கவே முடியாதா?" என்று கேட்பார்கள். அவருடைய சுயவிவரத்தை அழித்துவிட்டால் அடுத்த உள்நுழைவில் புதிய பிரதி கிடைக்கும். ஆனால் அறையோடு அறையில் இருந்த ஆவணங்களும் போய்விடும். சம்பளப் பட்டியலை டெஸ்க்டாப்பிலேயே போட்டுவைக்கும் மனிதர்கள் உள்ள அலுவலகத்தில் இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை. அவர் கணக்குக்குள் போய்க் கையால் மாற்றிக் கொடுப்பது பத்து நிமிட வேலை.

இதுவரை பார்த்ததில் இரண்டு விடயங்களை மனத்தில் வைத்தால் போதும்: புதிய கணக்கின் அமைப்புகள் நிர்வாகியின் கணக்கிலிருந்து வருவதில்லை, வார்ப்புருவிலிருந்து வருகின்றன; வருவதும் முதல் உள்நுழைவில் ஒரே ஒரு முறை.

## பெயரைக் கண்டு ஏமாறுதல்

விண்டோஸில் பெயர் வைத்தவர்கள் நம்மீது அவ்வளவு இரக்கம் காட்டவில்லை. ரெஜிஸ்ட்ரியைத் திறந்து பயனர்கள் பகுதிக்குப் போனால், முன்னால் ஒரு புள்ளி வைத்து ‘.டிஃபால்ட்’ என்று ஒன்று இருக்கும். இதுதான் புதியவர்களுக்கான வார்ப்புரு என்று நினைத்து அதில் மாற்றங்களைச் செய்தவர்கள் கணக்கிலடங்கார். உண்மையில் அது கணினியின் சொந்த உள்கணக்குக்கு உரியது. எவரும் உள்நுழையாதபோது, அதாவது கடவுச்சொல் கேட்கும் வரவேற்புத் திரையில், அதன் அமைப்புகள் செயற்படுகின்றன. அங்கே எதையாவது மாற்றினால் வரவேற்புத் திரையில் மாற்றம் தெரியும். "ஆகா, வேலைசெய்கிறது" என்று மனம் நிறையும். புதியவர் உள்ளே வந்ததும் பழைய கதை தொடரும். பாதி வேலைசெய்வதால்தான் இந்தத் தவறான நம்பிக்கை சாகாமல் இருக்கிறது.

‘பப்ளிக்’ என்ற இன்னொரு கோப்புறை. இது நம் விடுதியின் சாப்பாட்டு மண்டபம். இதற்குள் உள்ள டெஸ்க்டாப்பில் ஒரு குறுக்குவழியை வைத்தால், பழையவர் புதியவர் எல்லோருடைய திரையிலும் அதே கணத்தில் தோன்றும். அலுவலகப் பொதுக் கோப்புகளுக்கான குறுக்குவழிக்கு இதுவே சரியான இடம். பிரதி எதுவும் எடுக்கப்படுவதில்லை. எல்லோரும் ஒரே பொருளைப் பார்க்கிறார்கள். மண்டபத்திலிருந்து அதை எடுத்துவிட்டால் எல்லோருக்கும் போய்விடும்.

## மூன்று மொழி அலுவலகத்தில்

திருகோணமலை அலுவலகமொன்றில் காலை பத்து மணிக்குள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கடிதங்கள் வந்துவிடும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கணினிகளின் டிஃபால்ட் கோப்புறைக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. பெட்டியைத் திறந்து அவசரமாக நிறுவிய கணினிகளில் பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலமே குடியிருக்கிறது.

நல்லகாலமாக, மொழி விடயத்தில் வார்ப்புருவை மாற்ற விண்டோஸே ஒரு நேர்வழி தருகிறது. கோப்புறைகளைத் தோண்ட வேண்டியதில்லை. முதலில் நிர்வாகி உரிமையுள்ள ஒரு கணக்கில் உங்களுக்கு வேண்டியபடி விசைப்பலகைகளையும் திகதி முறையையும் நாட்டையும் அமைத்துக்கொள்ளுங்கள். தமிழ் (இலங்கை) என்ற தெரிவு பட்டியலிலேயே உண்டு. பிறகு கண்ட்ரோல் பேனலில் ‘ரீஜன்’ பகுதிக்குப் போய், ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ்’ என்ற தாவலில் ‘காப்பி செட்டிங்ஸ்’ என்ற பொத்தானை அழுத்துங்கள். அடியில் இரண்டு சதுரங்கள் இருக்கும். ஒன்று வரவேற்புத் திரைக்கு. மற்றொன்று புதிய பயனர் கணக்குகளுக்கு. இரண்டாவதில் அடையாளமிட்டால் உங்கள் மொழி அமைப்புகள் வார்ப்புருவுக்குப் பிரதியாகிவிடும். அந்த இரண்டு சதுரங்களும் தனித்தனியாக இருப்பதே மேலே சொன்ன புள்ளி வைத்த டிஃபால்ட் விவகாரத்துக்குச் சாட்சி.

முதல் சதுரத்தில் கைவைக்குமுன் நில்லுங்கள். உங்கள் பட்டியலில் தமிழ் விசைப்பலகை முதலாவதாக இருந்து, அதை வரவேற்புத் திரைக்கும் பிரதிசெய்துவிட்டால், ஆங்கிலத்தில் வைத்த கடவுச்சொல்லைத் தட்டும்போது தமிழ் எழுத்துகள் விழும். பெட்டிக்குள் தெரிவது கரும்புள்ளிகள் மட்டும் என்பதால் காரணம் பிடிபடாது. "என் கடவுச்சொல்லை யாரோ மாற்றிவிட்டார்கள்" என்று ஒரு அலுவலர் கோபித்துக்கொண்டு மதியம்வரை பேசாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் முதலில், தமிழ் அடுத்து, சிங்களம் அதற்கடுத்து என்று வைத்தால் தொல்லையில்லை.

எந்தத் தமிழ் விசைப்பலகை என்பதற்கு நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. அது அலுவலகத்தில் நட்பைக் கெடுக்கும் பேச்சு. தட்டச்சுப் பொறியில் பழகிய மூத்தவர்களுக்கு ரெங்கநாதன் முறை கைவந்தது. இளையவர்களுக்கு ஒலிப்பு முறை. இரண்டையும் வைத்துவிடுங்கள். எடுத்துக்கொள்வது அவரவர் வேலை.

எழுத்துருவில் ஒரு பொறி இருக்கிறது. பழைய கோப்புகள் பல இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடக்கின்றன. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குள் சேமிக்கப்படுவது ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணக்கில் போர்வை விலகி ஆங்கிலக் குப்பை தெரியும். 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்புக்குப் பிறகு, எழுத்துருவைச் சாதாரணமாக நிறுவினால் அது நிறுவியவரின் அறைக்குள் மட்டுமே போய்ச் சேரும். என் கணக்கில் பாமினி அழகாகத் தெரிய, புதியவர் திரையில் குப்பை தெரிந்த மர்மம் இதுதான். எழுத்துருக் கோப்பின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, எல்லாப் பயனர்களுக்கும் நிறுவும் தெரிவை எடுத்தால் பொது மண்டபத்துக்குப் போகும். வார்ப்புருவில் தேடவேண்டிய காரியமே இல்லை இது.

திகதி முறையை அற்பமாக எண்ண வேண்டாம். அமெரிக்க முறை கொண்ட கணக்கில் எக்செல் திறந்து 12/04 என்று ஏப்ரல் மாதத் திகதி ஒன்றை அடியுங்கள். அது டிசம்பர் 4 ஆகிவிடும். 14/04 என்று புத்தாண்டுத் திகதியை அடித்தால், 14ஆவது மாதம் என்று ஒன்றில்லாததால் அதைத் திகதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். ஒரே நிரலில் சில திகதி தலைகீழாகவும் சில திகதி இல்லாமலும் போகும். எக்செல் எதுவும் எச்சரிக்காது. திகதியாக ஏற்றதை வலப்பக்கமும் எழுத்தாக ஏற்றதை இடப்பக்கமும் ஒதுக்கி வைக்கும். கண் அதைக் கவனித்தால் உண்டு. விடுமுறைப் பதிவேடு வைத்திருக்கும் பிரிவில் இது என்ன பாடு படுத்தும் என்று நீங்களே யோசியுங்கள்.

## பிரிண்டரும் சீனியில்லாத தேநீரும்

மினுக்கிய பிரிண்டரை மறந்துவிடவில்லை. அது கேட்டது 279.4 மில்லிமீட்டர் உயரமுள்ள அமெரிக்க ‘லெட்டர்’ தாள். தட்டில் இருந்ததோ 297 மில்லிமீட்டர் ஏ4.

பிரிண்டரின் அமைப்புகளுக்குள் போனால் ஒரே முகத்தோடு இரண்டு சாளரங்கள் கிடைக்கும். ‘பிரிண்டிங் பிரெஃபரன்ஸஸ்’ என்பது உங்கள் விருப்பம். உங்கள் கணக்கோடு நிற்கும். பிரிண்டரின் பண்புகளுக்குள் ‘அட்வான்ஸ்ட்’ தாவலில் உள்ள ‘பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்’ என்பது வாய் திறக்காதவர்களுக்கான ஏற்பாடு. அங்கே ஏ4 என்று வைத்தால், தமக்கென எதையும் மாற்றிக்கொள்ளாத எல்லோருக்கும் அது போய்ச் சேரும். பழைய கணக்கு என்பதால் விலக்கு இல்லை. விடுதித் தேநீரின் கதை இதுதான். இந்த வகைக்கு மாற்றுநிலை அமைப்பு என்று பெயர் கொடுக்கலாம்: பயனர் சொன்னதை முதலில் தேடும், அவர் எதுவும் சொல்லவில்லை என்றால் மட்டும் பொதுவானதை எடுத்துக்கொள்ளும்.

பிரதியெடுக்கும் முறையையும் தேடிப்பார்க்கும் முறையையும் அருகருகே வைத்துப் பார்க்க, விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் வசதியானது. அங்கே ‘ஸ்கெல்’ என்று ஒரு கோப்புறை உண்டு. எலும்புக்கூடு என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். புதிய பயனருக்கு வீட்டுக் கோப்புறை உண்டாக்கும்போது அதில் உள்ளவை அப்படியே பிரதியாகும். விண்டோஸ் முதல் உள்நுழைவுவரை காத்திருக்க, லினக்ஸ் வழக்கமாகக் கணக்கைத் திறக்கும்போதே இதைச் செய்துவிடுகிறது. அதே லினக்ஸில் க்னோம் திரைச்சூழலின் விருப்ப அமைப்புகள் பலவும் தேடிப்பார்க்கும் முறையில் வேலைசெய்கின்றன. பயனரின் சொந்தக் குறிப்பு முதலில், அது இல்லையேல் பொதுக் குறிப்பு. எலும்புக்கூட்டை மாற்றினால் நாளை வருபவருக்கு மட்டும். பொதுக் குறிப்பை மாற்றினால், அந்த அமைப்பைத் தொடாத பழையவர்களுக்கும்.

## சுவரில் எழுதுவது எப்போது?

விண்டோஸில் சுவர் விதிக்குக் குரூப் பாலிசி என்று பெயர். நிர்வாகி விதிக்கும் அமைப்பு அது. பயனர் மாற்ற முயன்றால் அந்தப் பொத்தான் மங்கலாகிக் கிடக்கும். விண்டோஸின் ஹோம் பதிப்பில் இதற்கான திருத்தி தரப்படுவதில்லை. புரொஃபெஷனல் பதிப்பில் உண்டு.

இதன் சுவை கண்டவர்கள் எல்லாவற்றையும் சுவரில் எழுதத் தொடங்கிவிடுவார்கள். பின்புலப் படம் அலுவலக இலச்சினைதான், எழுத்தின் அளவு இதுதான், பட்டை அடியில்தான் இருக்கவேண்டும் என்று. எனக்கு இதில் உடன்பாடில்லை. கண்ணாடி போட்டும் எழுத்துத் தெரியாமல் திரைக்குள் தலையை நுழைக்கும் ஒருவருக்கு எழுத்தைப் பெரிதாக்க அனுமதியில்லை என்று சொல்வதில் என்ன ஒழுங்கு இருக்கிறது? நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: பிறரைப் பாதிப்பது விதியாக இருக்கட்டும், தன்னை மட்டும் பாதிப்பது தொடக்க அமைப்பாக இருக்கட்டும். பத்து நிமிடம் எவரும் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொள்வது விதி. ஐந்து பேர் பாவிக்கும் கணினியில், தேநீருக்கு எழுந்து போனவரின் கோப்புகள் அடுத்தவர் கண்ணில் படக்கூடாது. கோணேசர் மலையின் படமோ பிள்ளையின் படமோ பின்னால் இருப்பது அவரவர் பாடு.

## எல்லாவற்றையும் அள்ளிப் போடாதீர்கள்

இவ்வளவும் தெரிந்தபின் வரும் ஆசை: "என் கணக்குத்தான் எல்லாம் சரியாக இருக்கிறதே, அதை முழுதாகத் தூக்கி வார்ப்புருவில் போட்டுவிட்டால்?" விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அதற்கு ஒரு பொத்தானே இருந்தது. 2009இல் வந்த விண்டோஸ் 7 அந்தப் பொத்தானை டிஃபால்ட் தவிர்ந்த எந்தச் சுயவிவரத்துக்கும் வேலைசெய்யாதபடி மங்கலாக்கிவிட்டது. ஒரு மனிதர் வாழ்ந்த அறையில் அவருடைய அழுக்கும் இருக்கும் என்பதே இதிலுள்ள சிக்கல். அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியல், உலாவியில் பார்த்த பக்கங்கள், அவர் பெயரிலான பாதைகள் எல்லாம் சேர்ந்தே பிரதியாகும்.

முன்னர் வேலைசெய்த ஓர் அலுவலகத்தில் இதைப் பார்த்தேன். புதியவர் யார் வந்தாலும், அண்மையில் திறந்தவை என்ற பட்டியலில் முன்பிருந்த அலுவலர் ஒருவரின் கடன் விண்ணப்பம் தலைகாட்டும். கோப்பைத் திறக்க முடியாது. பெயர் மட்டும் தெரியும். பெயரே போதுமானதாக இருந்தது.

ஒரேமாதிரியான நிறையக் கணினிகளைத் தயார்செய்யும் பெரிய நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் ‘சிஸ்பிரெப்’ என்ற கருவியை வைத்திருக்கிறது. எவரும் வாழாத ஓர் அறையை அலங்கரித்து அதையே வார்ப்புருவாக்கும் முறை அது. நான்கைந்து கணினிகள் உள்ள அலுவலகத்துக்கு அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை. மொழி அமைப்பை வார்ப்புருவிலும், எழுத்துருவையும் குறுக்குவழிகளையும் பொது இடத்திலும், தாள் அளவைப் பிரிண்டரின் பொது ஏற்பாட்டிலும், திரைப்பூட்டை விதியிலும் வைத்தபின் எங்களுக்கு வந்த முறைப்பாடுகளில் பெரும்பகுதி நின்றுவிட்டது.

மாற்றியபின் ‘சோதனை’ என்ற பெயரில் புதிய கணக்கொன்றைத் திறந்து, உள்ளே போய், தமிழில் ஒரு வரி அடித்து, எக்செல்லில் 14/04 வலப்பக்கம் ஒதுங்குகிறதா என்று பார்த்து, ஒரு பக்கம் அச்சிட்டுப் பாருங்கள். பிறகு அந்தக் கணக்கை அதன் கோப்புகளோடு சேர்த்து அழித்துவிடுங்கள். அழிக்காமல் வைத்திருந்து அடுத்த தையிலும் அதிலேயே சோதித்தால், போன ஆண்டு எடுத்த பிரதியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.